எஃப் கட்டத்தில் என்ன எழுதுவது

'ஏர்லைன் மேனேஜர்' விளையாட்டில் ஒரு விமானத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, உள்ளே யார் எப்படி உட்காரவேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். எந்த ஊருக்குப் பறக்கப்போகிறது என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். திரையில் மூன்று கட்டங்கள்: ஒய், ஜே, எஃப். விமானத்துறை உலகெங்கும் புழங்கும் அதே எழுத்துகள். ஒய் எகானமி, ஜே பிசினஸ், எஃப் முதல் வகுப்பு. எகானமி இருக்கைக்கு ஓர் இடம், பிசினஸுக்கு இரண்டு, முதல் வகுப்புக்கு மூன்று. 600 இடமுள்ள விமானத்தில் 600 பேரை எகானமியில் ஏற்றலாம். 200 பேரை மட்டும் முதல் வகுப்பில் ஏற்றலாம். இடையில் எந்தக் கலவையும் செய்துகொள்ளலாம். கூட்டல் சரியாக வந்தால் போதும், விளையாட்டு வேறெதையும் கேட்பதில்லை.

எரிபொருளை எப்போது வாங்கிச் சேமிப்பது, எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஊரை மையமாக வைத்துக்கொள்வது ஆகியவற்றுக்கெல்லாம் ஆடிப் பழகியவர்களிடம் விடை இருக்கிறது. எஃப் கட்டத்துக்கும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். சூத்திரத்தில் பிழையில்லை. ஆனாலும் நான் அந்தக் கட்டத்தின் முன் நின்றுவிடுகிறேன். ஒரே கூரையின்கீழ் மனிதர்களை எத்தனை விதமாகப் பிரிக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம் என்ற தீராத வழக்கு, ஒற்றை எண்ணை எழுதும் அளவுக்குச் சுருங்கி அங்கே காத்திருக்கிறது. ரயிலிலும் கப்பலிலும் திரையரங்கிலும் நாம் அந்த வழக்கை வெவ்வேறு விதமாகத் தீர்த்துப் பார்த்திருக்கிறோம். இங்கே தீர்ப்பெழுதும் இடத்தில் நம்மையே உட்காரவைக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் விளையாட்டே ஒரு கட்டணத்தைப் பரிந்துரைக்கிறது. எளிய முறையில் ஆடுபவருக்கு எகானமி கட்டணம் கிலோமீட்டருக்கு 0.4 டாலர், அதன்மேல் நிலையாக 170 டாலர். பிசினஸுக்கு 0.8, கூடவே 560. முதல் வகுப்புக்கு 1.2, கூடவே 1,200. கிலோமீட்டருக்கான பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று இடத்துக்கு ஏற்ற மடங்கிலேயே ஏறுகிறது. நிலையான பகுதி அதைவிட வேகமாக ஏறுகிறது. சூட்சுமம் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். எகானமி 3,450 டாலர். முதல் வகுப்பு 11,040. முதல் வகுப்பு விழுங்கும் மூன்று இடங்களை எகானமியாக விற்றால் 10,350 கிடைக்கும். வித்தியாசம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் 430 கிலோமீட்டர் போல. எகானமி 342, மூன்று இடத்துக்கு 1,026. முதல் வகுப்போ 1,716. லாபம் நூற்றுக்கு அறுபத்தேழு.

இது உலக நடப்பை அப்படியே தலைகீழாக்குகிறது. கோயம்புத்தூருக்கு விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். பெல்ட்டை மாட்டச் சொல்லும் விளக்கு அணைவதற்கும் அது திரும்ப எரிவதற்கும் நடுவில் ஒரு காபி குடிக்க நேரம் இருந்தால் அதிகம். அந்தத் தடத்தில் முதல் வகுப்பு என்று எவரும் விற்பதில்லை, விற்றாலும் வாங்க ஆள் கிடையாது. விளையாட்டிலோ குறுந்தூரத்தில்தான் எஃப் கொழிக்கிறது. அதைக் கண்டுகொண்டவர்கள் சின்ன விமானங்களைக்கூட முதல் வகுப்பால் நிரப்பி, பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு விட்டுக் காசு பார்க்கிறார்கள். தடுப்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தடத்திலும் முதல் வகுப்புக்கான அன்றாடத் தேவை குறைவு. அந்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டால் மிச்ச இருக்கைகள் காலியாகப் பறக்கும்.

இப்படி ஒரு பிறழ்வு ஏன் வந்தது என்று யோசித்தால், விளையாட்டு எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரியவரும். நேரம். முதல் வகுப்பில் விற்கப்படுவது இருக்கை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நெடும்பயணத்தில் விற்கப்படுவது தூக்கம். பத்து மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் இரவில் முதுகைச் சாய்க்க முடிவதும் முடியாததும் மறுநாள் காலை ஒரு மனிதரை வேறு வேறு ஆளாக இறக்கிவிடும். காசுள்ளவர் அந்தக் காலைக்காகத்தான் கொடுக்கிறார். ஒரு மணி நேரப் பயணத்தில் அப்படி விற்க எதுவும் இல்லை. விளையாட்டின் சூத்திரத்துக்குத் தூரம் தெரியும், இரவு தெரியாது.

தூக்கத்தை விற்கத் தொடங்கியதுதான் முதல் வகுப்பின் சரிவுக்கும் தொடக்கம் என்று எனக்குப் படுகிறது. 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் முதல் வகுப்பில், முழுக்கத் தட்டையாகப் படுக்கையாக விரியும் இருக்கையைக் கொண்டுவந்தது. பெரிய புதுமை. 2000இல் அதே நிறுவனம் பிசினஸ் வகுப்பிலும் தட்டையான படுக்கையைப் போட்டது. அந்த நாளிலிருந்து முன்னால் இருப்பவருக்கும் அவருக்குப் பின்னால் இருப்பவருக்கும் இடையே இருந்த மிகப் பெரிய வேறுபாடு மறைந்துவிட்டது. இருவருமே படுக்கிறார்கள், இருவருமே தூங்குகிறார்கள். மிஞ்சியது மதுவின் தரமும் தலையணையின் மென்மையும். 2017இல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் இருக்கைக்குக் கதவே வைத்துவிட்டது. அதன்பின் ஒரு கதவுக்காக மட்டும் இன்னொரு மடங்கு பணம் கேட்பது எந்த நிறுவனத்துக்கும் கடினம்.

அமெரிக்க நிறுவனங்கள் இதை முன்பே உணர்ந்தன. டெல்டா நெடுந்தூரச் சர்வதேசத் தடங்களில் 1990களிலேயே முதல் வகுப்பைக் கைவிட்டு, பிசினஸை மேம்படுத்தியது. யுனைடெட் 2016இல் புதிய பிசினஸ் வகுப்பை அறிவித்துவிட்டு முதல் வகுப்பைப் படிப்படியாக ஒழித்தது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சர்வதேச முதல் வகுப்பை எடுத்துவிடப்போவதாகச் சொன்னது. சொன்ன காரணம் எளிமையானது: வாடிக்கையாளர்கள் அதை வாங்குவதில்லை.

வளைகுடா நிறுவனங்களும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எதிர்த்திசையில் போயின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007இல் ஏ380 விமானத்தை உலகில் முதன்முதலாகப் பயணிகளோடு பறக்கவிட்டபோது அதில் கதவுள்ள 12 தனியறைகள் இருந்தன. பத்தாண்டு கழித்து உட்புறத்தை மாற்றியமைத்தார்கள். அறைகளின் எண்ணிக்கை 6 ஆகக் குறைந்தது, ஒவ்வொன்றும் பெரிதானது, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் தனியே ஒரு கட்டிலும் வந்தன. விமானத்தின் மொத்த இருக்கை இரண்டு அமைப்பிலும் 471. எமிரேட்ஸ் தன் ஏ380இன் மேல்தளத்தில் 14 முதல் வகுப்பு அறைகளும் குளியலறையும் வைத்தது. எத்திஹாத் 2014இல் வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை என்று வானத்தில் ஒரு சிறு வீட்டையே விற்றது. பிசினஸ் பின்னாலிருந்து நெருங்கி வர வர, முதல் வகுப்பு ஓடி ஓடிப் பெரிதாகவேண்டியிருந்தது. பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை குறைந்தது. நடுவில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

இதே எமிரேட்ஸ் 2015இல் செய்த ஒன்றை நான் விரும்பிச் சொல்வதுண்டு. கோபன்ஹேகன் தடத்துக்கென்று முதல் வகுப்பே இல்லாத ஏ380 ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். 58 பிசினஸ், 557 எகானமி, மொத்தம் 615 பேர். முதல் வகுப்பின் ஆடம்பரத்துக்கே உலகப் பெயர் வாங்கிய நிறுவனம், ஒரு தடத்தைப் பார்த்து, இங்கே அது வேண்டாம் என்று முடிவுசெய்தது. முதல் வகுப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு நிறுவனம் முழுமைக்கும் ஒரே விடை கிடையாது. தடத்துக்குத் தடம், சில சமயம் பருவத்துக்குப் பருவம், விடை மாறுகிறது. விளையாட்டிலும் விமானத்துக்கு விமானம் வேறு எண் எழுதலாம். அந்த அளவில் அதை வடிவமைத்தவர்கள் தொழிலைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கைவிட்டது நிச்சயமின்மையை. தடத்தைத் திறப்பதற்கு முன்பே விளையாட்டு சொல்லிவிடுகிறது: இங்கே நாளொன்றுக்கு எகானமிக்கு இத்தனை பேர், பிசினஸுக்கு இத்தனை, முதல் வகுப்புக்கு இத்தனை. உலகத்தில் எந்த நிறுவனத்துக்கும் இந்த வரம் கிடைத்ததில்லை. 1972இல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் ஒரு விதியை முன்வைத்தார். குறைந்த கட்டணக்காரர் இப்போது வாசலில் நிற்கிறார். அதிகக் கட்டணக்காரர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். வரக்கூடிய கட்டணத்தை அவர் வருவதற்கான வாய்ப்பால் பெருக்குங்கள். கையிலிருக்கும் கட்டணம் அதைவிட அதிகமானால் இப்போதே விற்றுவிடுங்கள். இன்று வருவாய் மேலாண்மை என்று வளர்ந்து நிற்கும் பெருந்துறையின் வேர்களில் ஒன்று இந்தச் சிறிய ஒப்பீடு.

அதை விளையாட்டின் கட்டணங்கள்மீதே போட்டுப் பார்க்கலாம். லண்டன் தடத்தில் மூன்று எகானமி இருக்கைகள் கட்டாயம் விற்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தை ஒரு முதல் வகுப்புப் பயணிக்காக ஒதுக்குவது எப்போது நியாயம்? அவர் வருவார் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு நிச்சயமாக இருந்தால்தான். நூறு பயணத்தில் ஏழு தடவை அந்த இருக்கை காலியாகப் போனால்கூட நட்டம். கோயம்புத்தூரில் நூற்றுக்கு அறுபது போதும். விளையாட்டின் உள்ளே கசிந்திருக்கும் ஒரு கருத்தை இந்த எண்கள் காட்டிக்கொடுக்கின்றன. அதன் உலகில் பணக்காரர் சொன்ன சொல் தவறாமல் வந்து ஏறுகிறார். உண்மையில் அவர்தான் மிகவும் நிலையற்ற பயணி. கூட்டம் தள்ளிப்போனால் டிக்கெட்டை மாற்றுவார். மாற்றிக்கொள்ளும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அவர் அவ்வளவு கொடுத்திருக்கிறார். எகானமிப் பயணியோ மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கி, திரும்பத் தர முடியாத டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி, விடியற்காலை விமானத்துக்கு முந்தைய இரவே வந்து காத்திருப்பவர். நம்பகம் பின்வரிசையில் இருக்கிறது.

உண்மை விமானங்களில் முதல் வகுப்பு இருக்கைகளில் பலவற்றில், முழுக் கட்டணம் கொடுத்தவர் உட்காருவதும் இல்லை. சேர்த்துவைத்த மைல்களைக் கொடுத்து வருபவர், பிசினஸிலிருந்து உயர்த்தப்பட்டவர், நிறுவனத்தின் சொந்த அதிகாரி என்று அவை நிரம்பும். கதவு சாத்தியபின் காலி இருக்கைக்கு விலையில்லை. அதனால் யாரையாவது உட்காரவைக்கிறார்கள். விளையாட்டில் இந்தப் பழக்கத்துக்கே இடமில்லை. காலி என்றால் காலி.

பிறகு ஏன்தான் வைத்திருக்கிறார்கள்? முன்னால் இருப்பவர் கொடுக்கும் பணத்தில்தான் பின்னால் இருப்பவருக்கு மலிவு டிக்கெட் கிடைக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. நெடுந்தூர விமானங்களில் வருவாயின் பெரும் பங்கு முன்பகுதியிலிருந்து வருவது உண்மை. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் பிசினஸ்தான். நாலு, ஆறு, எட்டு என்று இருக்கும் முதல் வகுப்பு இருக்கைகள் அதன்மேல் வைத்த கலசம்போல. கோபுரம் கலசத்தில் நிற்பதில்லை. நிறுவனத்தின் பெயருக்கு அது ஒரு மினுக்கம் தருகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. எந்நாளும் அதில் ஏறப்போகாதவரும் அந்த நிறுவனத்தை உயர்வாக நினைக்கிறார். எனக்கு இந்தக் காரணம் புரிகிறது. பின்னால் இருப்பவரின் நன்மைக்காகவே முன்னால் கதவு வைத்தோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாததற்கு வரலாறும் ஒரு காரணம். விமானத்தில் எகானமி இருந்து, அதற்கு மேல் முதல் வகுப்பு சேர்க்கப்பட்டதாகத்தான் நம் மனத்தில் படம் இருக்கிறது. நடந்தது வேறு. அட்லாண்டிக்கைக் கடந்த தொடக்ககாலப் பயணிகள் விமானங்களில் எல்லோரும் ஒரே வகுப்பினர், எல்லோரும் காசுள்ளவர்கள். 1952இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏவின் இசைவோடு சுற்றுலா வகுப்பு என்று ஒரு மலிவு வகுப்பு வந்தது. 1958இல் அதற்கும் கீழே எகானமி. மேலே ஒன்றும் கட்டப்படவில்லை, கீழே தோண்டினார்கள். அப்படித் தோண்டும்போது, கீழே இருப்பது கீழேதான் என்று தெரியவேண்டும் என்பதற்காக விதிகள் எழுதினார்கள். எகானமியில் எளிய, குளிர்ந்த, மலிவான உணவு, அதாவது சாண்ட்விச் மட்டும்தான் பரிமாறலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் தன் நாட்டு வழக்கப்படி, ஒரே ஒரு ரொட்டித்துண்டின்மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் குவித்துக் கொடுத்து, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. போட்டி நிறுவனமான பான் ஆம் புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்று விமான நிறுவனங்கள் கூடி வாதிட்டன. ஏழைப் பயணிக்கு ஒருவர் நன்றாகச் சோறு போட்டுவிட்டார் என்பதுதான் அந்தப் புகாரின் உள்ளடக்கம்.

இதற்கு நூறாண்டுக்கு முன்பே இந்த நோயின் குணத்தைக் கண்டுசொன்னவர் ஒருவர் உண்டு. ஜூல் துபுயி, பிரெஞ்சுப் பொறியாளர், பொருளியல் சிந்தனையாளர். அக்காலத்து மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளில் கூரை கிடையாது, மரப்பலகைதான் இருக்கை. கூரை போடும் செலவுக்குப் பயந்தோ ஏழைகளைத் துன்புறுத்தும் ஆசையாலோ நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை என்று 1849இல் எழுதினார். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. ஏழைமீது அடி விழுகிறது, குறி அவருக்கு மேலே இருப்பவர். அதே தர்க்கத்தால் முதல் வகுப்பினருக்குத் தேவைக்கு மேலும் கொட்டிக்கொடுக்கிறார்கள் என்பதும் அவர் கண்டது. இதைப் படித்தபின் எகானமி இருக்கையில் முழங்கால் இடிக்கும்போதெல்லாம் எனக்கு வேறு மாதிரி வலிக்கிறது. அந்த அங்குலங்களை இடப் பற்றாக்குறை மட்டும் தின்றிருக்க முடியாது.

நம் ரயிலில் இதற்கு மறுதிசையிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது. பலகை போகவில்லை. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியின் மரப்பலகைமீது இரண்டங்குலத்துக்கு நுரைப்பஞ்சு மெத்தை போடச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் வகுப்புகளே இல்லாத ரயிலாகக் கிளம்பியது. மேல்வகுப்பு டிக்கெட் விற்பனை விழுந்துவிடும் என்று துபுயியின் நிறுவனக்காரர்கள் அஞ்சியிருப்பார்கள். மேல்வகுப்புகள் இன்றும் விற்கின்றன. இரவு ரயிலில் நடுப்படுக்கையில் முதுகு நோகாமல் ஊர் போய்ச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை யாரும் கணக்கெடுத்ததில்லை. சுதந்திர இந்தியாவின் நல்ல முடிவுகளை வரிசைப்படுத்தினால் அந்த இரண்டங்குலத்துக்கு நான் மிக உயர்ந்த இடம் கொடுப்பேன்.

விமானத்தில் அதற்கு நெருக்கமாக வந்தது ஏர் டெக்கான். 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கியபோது எல்லா இருக்கையும் ஒன்றுதான். 2006இல் வந்த இண்டிகோவும் அப்படியே. ஆடம்பரத்தை அடையாளமாக்கிய கிங்ஃபிஷர், ஏர் டெக்கானை விழுங்கித் தன் பெயரைச் சூட்டி, 2012இல் பறப்பதை நிறுத்தியது. கடன், எரிபொருள் விலை என்று அந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள். முன்வரிசை இருக்கைகள்மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. இண்டிகோ பல்லாண்டு ஒரே வகுப்பில் நிலைத்துவிட்டு, 2024 நவம்பரில் டெல்லி - மும்பைத் தடத்தில் 12 பிசினஸ் இருக்கைகளை வைத்தது. மலிவு விமானத்திலேயே வளர்ந்து பதவி உயர்ந்தவர்கள் இப்போது அகலமான இருக்கை கேட்கிறார்கள் என்று அதைப் புரிந்துகொள்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பின்னால் இருக்கும் முழங்கால்களிலிருந்து அந்த அகலம் எடுக்கப்படாதவரை.

முழு விமானத்தையும் மேல்வகுப்பாக்கிவிட்டால் என்ன என்ற ஆசையும் உண்டு. விளையாட்டில் 600 இடத்தையும் 200 எஃப் ஆக்கும் ஆட்டக்காரர்களின் ஆசை அது. பார்க்கப்போனால் அதில் ஒரு சமத்துவமும் இருக்கிறது. ஏறியவர்கள் எல்லோரும் ஒன்று, ஏற முடியாதவர்கள் விமானத்துக்குள்ளேயே இல்லை. கான்கார்ட் விமானம் அப்படித்தான் 100 இருக்கைகளோடு 2003 வரை பறந்தது. பின்னர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பிசினஸ் இருக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சிறு நிறுவனங்கள் வந்தன. மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரில் விழுந்தது. இயோஸ் 2008 ஏப்ரலில், சில்வர்ஜெட் மே மாதத்தில். எண்ணெய் விலை ஏறிய காலம், கடன் கிடைக்காத காலம். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. காசுள்ள பயணிக்கு இருக்கையைவிட முக்கியம், தான் நினைத்த நேரத்தில் விமானம் இருப்பது. ஒரு நாளைக்குப் பல விமானங்களை விடுவதற்கு, பின்னால் நூற்றுக்கணக்கில் உட்கார ஆள் வேண்டும். முன்வரிசைக்காரர் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்ப முடிவது, பின்வரிசைக்காரர் முந்நூறு பேர் அதே மதியத்துக்கு டிக்கெட் வாங்கியதால். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதை மறுபடி யோசிக்கவேண்டும்.

விளையாட்டில் எந்தப் பயணியும் இன்னொரு பயணியைப் பார்ப்பதில்லை. ஒய், ஜே, எஃப் மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாத மூன்று பீப்பாய்கள். நிஜத்தில் ஏறுகிற வாசல் பெரும்பாலும் முன்னால் இருக்கிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையை இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே காலை நீட்டிப் பழரசம் பருகிக்கொண்டிருப்பவர்களைக் கடந்துதான் நம் வரிசைக்குப் போகிறோம். 2016இல் கேத்தரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், முதல் வகுப்பு உள்ள விமானங்களின் எகானமியில் ரகளை நடக்கும் வாய்ப்பு, அது இல்லாத விமானங்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று எழுதினார்கள். முன்வாசல் வழியே ஏற்றினால் அது மேலும் கூடுகிறது என்றார்கள். அவர்களுடைய புள்ளியியல் முறையைக் கேள்விகேட்டவர்களும் உண்டு. மடங்கின் எண்ணை நானும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த முப்பது அடியை நடந்து கடந்தவர்களுக்கு அவர்கள் எதைத் தேடினார்கள் என்பது தெரியும்.

புகையும் ஒரு கணக்கு. ஏர்லைன் மேனேஜரில் கரியமில வாயுவுக்கான ஒதுக்கீட்டைக் காசு கொடுத்து வாங்கித்தான் விமானத்தைக் கிளப்ப முடியும். இது நல்ல ஏற்பாடு, பல ஆட்டங்களில் இல்லாதது. உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாள், முதல் வகுப்புப் பயணி ஒருவரின் பங்கு எகானமிப் பயணியைப்போல ஒன்பது மடங்கு வரை போகலாம் என்று கணித்தது. விளையாட்டு ஒரு எஃப் இருக்கைக்கு மூன்று இடம் என்று நிறுத்திக்கொள்கிறது. அறையும் கட்டிலும் குளியல் தண்ணீரும் அந்த மூன்றுக்குள் அடங்காது.

விளையாட்டில் என் நிறுவனம் சென்னையை மையமாக வைத்தது. லண்டன் தடத்தில் எஃப் கட்டத்தில் சிறிய எண் ஒன்றை எழுதியிருக்கிறேன். இரவு நீளமானது, வயதானவர்களும் நோயாளிகளும் அந்தப் படுக்கைக்காகக் கொடுப்பதில் நியாயமிருக்கிறது. கோயம்புத்தூர், மதுரை, கொழும்புத் தடங்களில் சூத்திரம் எவ்வளவு ஆசை காட்டினாலும் வைப்பதில்லை. குவைத், துபாய், மஸ்கட் தடங்களில் எஃப் பூஜ்யம். விளையாட்டு அங்கேயும் முதல் வகுப்புக்குத் தேவை காட்டுகிறது, உண்மையிலும் அது இருக்கிறது. ஆனால் அந்த விமானங்கள் யாருக்காகப் பறக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஒப்பந்தம் முடியும்வரை ஊர் பார்க்காதவர், எடைக்கு மேல் ஒரு கிலோ போனால் கவுண்டரின் முன் பெட்டியைத் திறந்து எதை விட்டுச்செல்வது என்று தவிப்பவர். எஃப் இருக்கை ஒன்றை எழுதும்போது அவர்களில் மூன்று பேரை அழிக்கிறேன் என்று கணக்கு தெளிவாகவே சொல்கிறது. இதனால் என் வருமானம் மற்றவர்களைவிடக் குறைவு. எண்களாலான பயணிகளுக்காக ஏன் இவ்வளவு என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். யாருடைய கண்ணும் இல்லாத, யாருக்கும் வலிக்காத இடத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு அவருடைய பழக்கமாகிவிடுகிறது என்று நான் நம்புகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தையோ மருத்துவமனையையோ நடத்தும் இடத்துக்கு நாளை வரப்போகும் ஒரு பிள்ளை இன்று இந்த மூன்று கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

இத்தகைய விளையாட்டைச் செய்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. எஃப் கட்டம் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம் வையுங்கள்: எகானமி வரிசைகளுக்கு இடையே எத்தனை அங்குலம். ஒவ்வொரு அங்குலத்தைக் குறைக்கும்போதும் பிசினஸுக்கும் முதல் வகுப்புக்கும் தேவை கொஞ்சம் ஏறட்டும். தேவையை ஒற்றை எண்ணாகக் காட்டாமல், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று காட்டுங்கள். பயணம் முடிந்ததும் வருமானத்தோடு சேர்த்து, எத்தனை பேர் தூங்கினார்கள், எத்தனை பேர் தூங்கவில்லை என்ற எண்ணும் வரட்டும். முன்பகுதியில் ஒரு கதவைக்கூடக் கூட்டாமல், பின்பகுதியில் இரண்டு அங்குலத்தை எடுத்தாலே லாபம் உயர்வதை ஆடத் தொடங்கிய சில நாளிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தபின் அந்த அங்குலத்தை எடுப்பதா, திரும்ப வைப்பதா என்பதை அவர்கள் தாங்களாகவே ஆடிப் பார்க்கட்டும்.